ஆராயியின் முன்பற்கள்

ஆராயியின் பேர் தெரியாதவர்களுக்குக்கூட அவள் பல்லைத் தெரியும். "அந்தப் பல்லுக்காரப் புள்ள" என்றால் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற பாதிப்பேர் கையை நீட்டி அவள் வீட்டைக் காட்டிவிடுவார்கள். மேல் வரிசையில் முன்பற்கள் கொஞ்சம் பெரிதாக, லேசாக முன்னால் வந்திருக்கும். தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை. வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றாலும் ஏதோ சொல்லிச் சிரிக்கப் போகிறாள் என்றே தோன்றும். கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டுத் திருச்செங்கோட்டுச் சென்றாயன் வேறு பெண்ணே வேண்டாம் என்று நின்றது அந்தப் பல்லுக்காகத்தான். இதைக் கல்யாணத்துக்குப் பிறகு அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சென்றாயனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வேலை. வருசத்தில் பெரும்பகுதி சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ யாருடைய காட்டிலாவது குழாய் இறக்கிக்கொண்டிருப்பான். மழைக்கு வண்டியை நிறுத்தினால்தான் ஊர் திரும்புவான். மற்ற நாட்களில் போன்தான். வீடியோவில் அவள் முகம் தெரிந்ததும் நல்லது கெட்டது எதையும் விசாரிக்க மாட்டான்.

"ஏம்புள்ள, எங்கெ, கொஞ்சம் சிரிச்சுக் காட்டு" என்பான்.

அவளும் காட்டுவாள். அலுப்பாக இருந்தாலும் காட்டுவாள். அந்த ஒரு நிமிசத்துக்காகவே அவள் நாளெல்லாம் போனைப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பூபதியின் பட்டறையில் அவளுக்கு வேலை. லுங்கி ஓடுகிற பட்டறை. தறி ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சுமந்துகொண்டு போவது நாடா. உள்ளே இருக்கும் நூல் தீர்ந்ததும் நூல் சுற்றிய புதுத் தாரை மாட்டி, நாடாவின் ஓரத்தில் இருக்கிற சின்னக் கண் வழியாக நூல் முனையை வெளியே இழுக்க வேண்டும். அதற்குக் கொக்கி இருக்கிறது. ஆனால் கொக்கியைத் தேடி எடுத்து நுழைத்து இழுப்பதற்குள் தறி நின்றுவிடும். அதனால் கண்ணில் வாயை வைத்து ஒரே உறிஞ்சு. நூல் பல்லுக்கு வந்துவிடும். பல்லாலேயே கடித்து அறுத்துத் துப்பிவிட்டு நாடாவைப் போட்டுவிடலாம். எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள். காலை முதல் ஷிப்டு முடிகிறவரை இதே வேலைதான்.

ஆராயிக்குக் கொடுத்திருந்தது சிவப்பு ஊடைத் தறி. சாயம் மட்டமான சாயம். எச்சில் பட்டதும் இறங்கும். மத்தியானத்துக்குள் அவள் துப்புவதெல்லாம் சிவப்பாக இருக்கும். வருசக்கணக்கில் அந்தச் சாயம் ஏறி ஏறித் தேங்காய்ப் பத்தைப் பல் காவி ஏறிய சுவர் மாதிரி ஆகிவிட்டது. சென்றாயனுக்குக் காட்டும்போது மட்டும் சாம்பலைத் தொட்டு அழுத்தித் தேய்த்துவிட்டுக் காட்டுவாள். போனில் அவ்வளவாகத் தெரியாது.

வாயால் நூலை உறிஞ்சக்கூடாது என்று ஒருமுறை அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் கொக்கி வாங்கிக் கொடுத்துவிட்டதாகப் பூபதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொக்கி வந்ததா என்று கேட்கிறீர்களா? பெண்களை நிற்கவைத்து, "யாரு வந்து கேட்டாலும் கொக்கிலதான் இழுக்கறோம்னு சொல்லோணும். மாத்திச் சொன்னீங்கன்னா பட்டறைக்குப் பூட்டு. அப்பறம் நீங்களும் ஊட்டுக்கு, நானும் ஊட்டுக்கு" என்றார். அத்தோடு முடிந்தது.

அப்புறம் வெளிநாட்டில் துணி வாங்குகிறவன், தொழிலாளர்களுக்கு நீ என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறான். பூபதி யோசித்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் செய்த ஞாபகம் இல்லை. அந்த நேரத்தில்தான் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஷாலினி என்ற இளம் டாக்டர் வந்து கதவைத் தட்டினாள். தொழிலாளர்களைக் குழுவாக உட்காரவைத்துப் பல் சுகாதாரம் சொல்லிக் கொடுப்பார்கள். சொல்வதற்கு முன்னால் வாயைப் பார்த்து மார்க் போடுவார்கள். சில மாதம் கழித்துத் திரும்பவும் போடுவார்கள். சொல்லிக் கொடுத்தது பலித்ததா இல்லையா என்று அதிலே தெரியும். அதுதான் அவள் மேல்படிப்புக்கான ஆராய்ச்சி. பூபதிக்குக் காசுச் செலவு கிடையாது, போட்டோவும் உண்டு. பூபதி அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ஷாலினி கெட்டவள் இல்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வளர்ந்த பெண், யாரையும் "அக்கா" என்றே கூப்பிடுவாள், வியர்வை நாற்றத்துக்கு முகம் சுளிக்க மாட்டாள். தறிகளை நிறுத்திவிட்டு எல்லாரையும் பாவு உருளைகளுக்கு நடுவே உட்காரவைத்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் பல் செட்டையும் அதற்கேற்ற பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு மனசாரப் பேசினாள். ஆனால் முகத்தில் மாஸ்க். தறிச் சத்தத்தில் பாதிக் காது போன பெண்கள் அவர்கள். பேசுகிறவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். துணிக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? பிரஷ் வட்டம் வட்டமாகச் சுற்றியது. அவர்களும் தலையை வட்டமாக ஆட்டினார்கள். கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கட்டைவிரலைக் காட்டினாள். எல்லாரும் கட்டைவிரலைக் காட்டினார்கள்.

முதல் மார்க் அதற்கும் முன்னாலேயே போட்டாகிவிட்டது. பல்லில் ஒரு சிவப்பு மருந்தைத் தடவி, வாயைக் கொப்பளிக்கச் சொல்வார்கள். சுத்தமான இடத்தில் சிவப்பு நிற்காது. அழுக்கு இருக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு அழுக்கு. ஆராயியின் வாயைத் திறந்து பார்த்தாள் ஷாலினி. பல்லெல்லாம் சிவப்பு. ஆராயியின் தலைக்கு மேலே பூபதி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஷாலினி மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, "வெத்தல போடுவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

ஆராயி வெற்றிலையை வாயால் தொட்டதில்லை. கல்யாணத்தில் கொடுத்ததைக்கூட மடியில் கட்டி எடுத்துவந்து யாருக்காவது கொடுத்துவிடுவாள். அவள் நிமிர்ந்து பூபதியைப் பார்த்தாள். பூபதி அவளைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றாள் ஆராயி.

"ரொம்ப நாளாவா?"

"ஆமாங்க சாமி. சின்னதுல இருந்துங்க."

இந்த ஒரு பொய்யை அவள் யாருக்காகச் சொன்னாள்? அந்தப் பட்டறையில் இருந்த எல்லாருக்காகவும் சொன்னாள். பூட்டுப் போட்டால் எல்லாருக்கும்தானே பூட்டு? சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்கு ஒரு தலைவி வேண்டுமென்று ஷாலினி கேட்டபோது பிளஸ் டூ படித்த தேவிப்ரியாவைக் காட்டினார்கள். வெள்ளை ஊடைத் தறி ஓட்டுகிறவள். ஆராயி வீட்டுக்கு அடுத்த வாசல். இரண்டு பேரும் ஒரே தூக்குப்போசியில் குழம்பு பகிர்ந்து தின்றவர்கள். தினமும் எல்லாரும் பல் துலக்குகிறார்களா என்று பார்ப்பது தேவிப்ரியாவின் பொறுப்பு. ஒருத்தியும் நடுவில் நின்றுவிடக்கூடாது, முதலில் இருந்தவர்களே கடைசியிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆராய்ச்சி செல்லாது என்று ஷாலினி சொல்லியிருந்தாள். தனித்தனி மார்க் யாருக்கும் இல்லை. எல்லாருடையதையும் கூட்டிக் குழுவுக்கு ஒரே மார்க். அது நன்றாக வந்தால் பெரிய ஆர்டர் வருகிறது என்றும், வராவிட்டால் கடைசி வரிசைத் தறிகளை நிறுத்திவிடப் போவதாகவும் பூபதி சொல்லியிருந்தார்.

ஆராயி துலக்கினாள் பாருங்கள், அப்படித் துலக்கினாள். கொடுத்த பிரஷ்ஷை வட்டம் வட்டமாகச் சுற்றி, ஈறு கிழிந்து ரத்தம் வருகிறவரை துலக்கினாள். அந்தப் பட்டறையில் டாக்டர் சொன்னதைச் சொன்னபடி செய்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் தேவிப்ரியா வருகிறாள் என்றால் பேஸ்ட்டை நாக்கில் தடவிக்கொண்டு ஊதிக் காட்டுவார்கள். ஆனால் துலக்கி முடித்துவந்து தறியில் நின்றதும் ஆராயி நாடாவை வாயில் வைக்கத்தானே வேண்டும்? மத்தியானம் மறுபடி சிவப்பு.

இடையில் ஒருமுறை ஷாலினி வந்து பார்த்தாள். எல்லாருக்கும் சிவப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. ஆராயிக்கு அப்படியே இருந்தது.

"டாக்டரம்மா, மெசின்ல சுத்தம் பண்ணி உடறாங்களாமே, அதப் பண்ணி உடுங்க" என்று ஆராயி கெஞ்சினாள்.

"இப்ப பண்ணக்கூடாதுக்கா. நான் க்ளீன் பண்ணிட்டா, சொல்லிக் கொடுத்ததால சுத்தமாச்சா, மெசினால சுத்தமாச்சான்னு தெரியாம போயிரும். கடைசி டெஸ்ட் முடியட்டும், எல்லாருக்கும் ஃப்ரீயா பண்ணித் தர்றேன்" என்றாள் ஷாலினி. சொல்லும்போது அவளுக்கே வருத்தமாக இருந்தது. ஆராய்ச்சிக்கு என்று ஒரு நியாயம் இருக்கிறதே.

அன்றிலிருந்து ஆராயிக்குச் சனி பிடித்தது. சோறு உண்ணும்போது அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் தூக்குப்போசிக்குள் யாரோ கக்கூஸ் தேய்க்கிற பிரஷ்ஷின் முடியை வெட்டிப் போட்டிருந்தார்கள். தூரத்தில் நின்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, "நாத்தவாயி" என்றார்கள். அது யார் காதிலும் விழாது. அவளுக்கு நன்றாகத் தெரியும். தறியை மாற்றிக் கொடுங்கள் என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள். சிவப்புத் தறியை யார் வாங்கிக்கொள்வார்கள்? "உன்ற வாயி ஏற்கெனவே போயிருச்சு, எங்க வாயி எதுக்கு?" என்றாள் ஒருத்தி. எனக்கு அவள் பேரைச் சொல்லக்கூடப் பிடிக்கவில்லை.

வழி கண்டுபிடித்தது தேவிப்ரியா. படித்தவள் இல்லையா? ஷாலினியிடம் சாதாரணமாகக் கேட்பது மாதிரிக் கேட்டாள்:

"ஏனுங்க டாக்டர், பல்லு உழுந்தவங்களுக்கு எப்பிடிங்க மார்க் போடுவீங்க?"

"இல்லாத பல்லுக்கு மார்க் கிடையாது. இருக்கிற பல்ல மட்டும்தான் பார்ப்போம்."

தேவிப்ரியா போய்ப் பூபதியிடம் சொன்னாள். பூபதி ஆராயியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அதுவரை அவர் முன்னால் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"ஆராயி, முன்னால இருக்கறதத்தான பாக்கறாங்க. அத எடுத்துட்டு, டெஸ்டு முடிஞ்சதும் நானே உனக்குப் புதுசா செட்டுப் பல்லு கட்டித் தாரேன். ஈரோட்டுல, நல்ல எடத்துல. இப்ப இருக்கறத விட வெள்ளையா இருக்கும்."

"வேண்டாமுங்க. எங்க ஊட்டுக்காரரு ஆடிக்கு வந்துருவாருங்க. பல்லு இல்லாம என்னன்னுங்க அவரு முன்னால நிப்பேன்?"

"அதுக்குள்ளதான் கட்டித் தாரேங்கறனே. இல்லீன்னா சொல்லு, கடைசி வரிசையத் திங்கக்கெழம நிறுத்திப் போடறேன். அந்தப் பாவத்த நீ தூக்கிக்க."

கடைசி வரிசைப் பெண்கள் கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூபதியின் உதடுகளை அவர்கள் ஒரு சொல் விடாமல் படித்திருப்பார்கள். அப்புறம் ஆராயி எப்படி மாட்டேன் என்பாள்?

சந்தையில் பல் பிடுங்குகிற ஆள் ஒருவன் உண்டு. டாக்டர் இல்லை, ஒரு நாற்காலி, ஒரு குறடு, ஒரு மருந்துப் பாட்டில், அவ்வளவுதான். தேவிப்ரியாதான் கூட்டிப்போனாள். அவன் ஆராயியின் பல்லைக் கட்டைவிரலால் ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. கறையைச் சுரண்டிப் பார்த்தான்.

"ஏம்மா, இது ஒன்னும் சொத்த இல்லியே. மேலதான் சாயமாட்டம் ஒட்டியிருக்குது. நல்ல பல்ல எதுக்குப் புடுங்கோணும்?"

"நீங்க புடுங்குங்க. அவிங்களுக்கு வலிக்குதாமா" என்றாள் தேவிப்ரியா.

நல்ல பல் லேசில் வராது. மருந்து பாதி வேலைதான் செய்தது. குறடு திரும்பும்போது உள்ளே எலும்பு முறிகிற சத்தம் ஆராயிக்கு மண்டைக்குள் கேட்டது. தறிச் சத்தத்தில் மரத்துப்போன காதுக்கு அந்தச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. தேவிப்ரியா அவள் இரண்டு கையையும் நாற்காலியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவுதான் அக்கா, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது அன்பா? நாசமாய்ப் போன அன்பு. மேல் வரிசை முன்பற்கள் ஒவ்வொன்றாக ஒரு டீ கிளாசுக்குள் விழுந்தன. எடுத்துக்கொண்டு போகிறாயா என்று அவன் கேட்டான். ஆராயி வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

புண் ஆறுவதற்கும் கடைசி டெஸ்டு வருவதற்கும் சரியாக இருந்தது. குழுவின் மார்க் எக்கச்சக்கமாகக் குறைந்துவிட்டது. அதாவது அழுக்கு குறைந்துவிட்டது. குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தால் நல்ல பலன் உண்டு என்று ஷாலினியின் ஆராய்ச்சி நிரூபித்தது. அவள் சந்தோசத்தில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். ஆராயியிடம் வந்தபோது மட்டும் கை நின்றது.

"என்னக்கா ஆச்சு பல்லு?"

"ஆடி ஆடி உழுந்துருச்சுங்க." பல் இல்லாத வாயில் காற்றோடு சேர்ந்து வந்தது சொல்.

ஷாலினிக்குக் கண் கலங்கியது. வெற்றிலை ஒரு வாயை இப்படித் தின்றுவிட்டதே என்றுதான் அவள் நினைத்தாள். வேறு எதை நினைப்பாள்? எல்லாரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். "பல்லு தெரியச் சிரிங்க" என்று சொல்லிவிட்டு, போட்டோக்காரன் ஆராயியைப் பார்த்து, "நீங்க மட்டும் வாய மூடிக்குங்க" என்றான்.

செட்டுப் பல்? மறுவாரம் ஆராயி போய்க் கேட்டாள். பூபதி மோவாயைச் சொறிந்தார்.

"டாக்டரம்மா ஒரு யோசன சொல்லுதும்மா. உன்னக் கூட்டிக்கிட்டு நாலு பட்டறைக்குப் போயி, துலக்காம உட்டா இப்பிடித்தான்னு காட்டுனா சனங்களுக்குப் பயம் வரும்ங்குது. எங்க மச்சான் பட்டறையில மொதல்ல. பல்லு கட்டிட்டா அப்பறம் என்னத்தக் காட்டறது? அது முடியட்டும். முடிஞ்ச அடுத்த நாளு ஈரோடு."

எத்தனை பட்டறை முடிந்தது, எத்தனை அடுத்த நாள் போனது என்று நான் எண்ணவில்லை. பட்டறையில் ஆராயி பேசுவது இப்போது யாருக்கும் புரிவதில்லை. பல் இல்லாத உதடு உள்ளே மடிந்துகொள்கிறது, அதைப் படிக்க முடியவில்லை என்றார்கள். அவளும் பேசுவதை விட்டுவிட்டாள். நாடாவை மட்டும் இன்னும் உறிஞ்சுகிறாள். அதற்குப் பல் வேண்டியதில்லை. நூலை அறுக்கக் கத்தரி கொடுத்திருக்கிறார்கள். சென்றாயன் போனில் வந்தால் முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

"என்ன புள்ள, சளியா?"

"ம்."

"சிரி பாப்போம்."

"ஊருக்கு வாங்க, காட்டறேன்."

"வண்டிய நிறுத்தப் போறாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள வாரேன்."

 மறுநாள் ஆராயி பூபதியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு எங்க மச்சான் பட்டறையில இன்னொரு ஷிப்டு இருக்குது. அதோட செரி. இந்தத் தடவ நீயே நாலு வார்த்த பேசிரு. நீ பேசுனா நாளைக்கே போலாம்" என்றார் அவர்.

அங்கேயும் பாவு உருளைகளுக்கு நடுவே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் மார்க் போட்டு முடித்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும், மஞ்சள் கயிறு புதுசு. அவள் பல்லெல்லாம் சிவப்பு. கொப்பளித்த பிறகும் போகாத சிவப்பு. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் சிவப்புத் தார்கள் கூடை நிறைய இருந்தன. "வெத்தல போடுவியாம்மா?" என்று ஷாலினி கேட்டதையும், அந்தப் பெண் நிமிர்ந்து தன் முதலாளியைப் பார்த்ததையும், "ஆமாங்க" என்று உதடு அசைந்ததையும் ஆராயி ஓரமாக நின்று பார்த்திருந்தாள்.

ஷாலினி ஆராயியின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். ஆராயி வாயைத் திறந்தாள். பெண்கள் 'ஐயோ' என்று சேலையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தச் சின்னப் பெண் மட்டும் திருப்பவில்லை. அவள் ஆராயியின் ஈறையே பார்த்தாள். பிறகு சத்தமே இல்லாமல், தறிக்காரிகளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, உதட்டை அசைத்துக் கேட்டாள்:

'ஊடையாக்கா?'

ஷாலினிக்கு அது தெரியவில்லை. முதலாளிகள் இரண்டு பேரும் சுவர் ஓரம் நின்றிருந்தார்கள். ஆராயி ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண் எழுந்து ஓடியாவது போயிருப்பாள். ஆராயி அந்தச் சிவப்புப் பல்லைப் பார்த்தாள். அழகான பல். அப்புறம் பூபதியைப் பார்த்தாள்.

"கண்ணுகளா, என்னயப் பாருங்க" என்றாள் உரக்க. காற்றும் எச்சிலும் தெறித்தன. புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொன்னாள். "நான் வெத்தல போட்டுப் போட்டுத்தான் இப்பிடி ஆனேன். எல்லாரும் சொன்னாங்க, நாந்தான் கேக்கல. நீங்களாச்சும் டாக்டரம்மா பேச்சக் கேளுங்க." பிறகு அந்தச் சின்னப் பெண் பக்கம் குனிந்து, "வெத்தலதான் கண்ணு. வேற ஒன்னுமில்ல" என்றாள்.

அந்தப் பெண் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். ஷாலினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிளாஸ்டிக் பல்லைக் கையில் எடுத்தாள். பூபதி ஆராயியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நாளைக்கு ஈரோடு போகலாம் என்று அர்த்தம். ஆராயி முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.